லோலிட்டாவுக்கு அப்புறம் எந்த உடை?

ஜப்பானில் ஒரு பெண் லோலிட்டா உடை போடுவதை விட்டுவிட்டால் அதை 'சொத்சுக்யோ' என்பார்கள். பள்ளிப் படிப்பையோ கல்லூரியையோ முடித்து வெளியே வருவதற்கும் இதே சொல்தான். எனக்கு இந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்காது. படிப்பு முடிந்தால் கையில் ஒரு சான்றிதழாவது மிஞ்சும். இங்கே மிஞ்சுவது பீரோ நிறைய ஃப்ரில்லும் லேஸும். அதை என்ன செய்வது?

இந்த உடையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: பெயரைக் கேட்டுத் தப்பாக நினைக்க வேண்டாம். யாரையும் மயக்குவதற்கான உடை இல்லை இது. கழுத்து வரை பொத்தான் போட்ட பிளவுஸ், அதன் மேல் பள்ளிக்கூட பினாஃபோர் மாதிரி கையில்லாத ஜம்பர் ஸ்கர்ட், முழங்கால் வரை காலுறை, உருண்டை மூக்கு ஷூ, தலையில் பெரிய ரிப்பன். பாவாடை மணி போல விரிந்து நிற்க, உள்ளே 'பானியே' என்ற வலைத்துணி உள்பாவாடை. டோக்கியோவின் ஹராஜுகு பகுதிதான் இதற்குத் தாய்வீடு. பேபி, ஏஞ்சலிக் பிரிட்டி மாதிரி கடைகளில் புது ஜம்பர் ஸ்கர்ட் ஒன்று 30,000 யென்னைத் தாண்டும். அதனால் தூக்கிப் போடவும் மனசு வராது.

இருபதுகளின் கடைசியில் பலருக்கும் மாற்றம் வருகிறது. உடம்பு மாறும், வேலை மாறும், இளஞ்சிவப்பில் கேக் படம் அச்சடித்த பாவாடை கொஞ்சம் அலுக்கும். அப்போது போவதற்கு நான்கு வழிகள் உண்டு. படங்களில் எது அழகு என்று பார்ப்பதைவிட, பீரோவில் இருப்பதில் எவ்வளவு கூட வரும் என்று பார்ப்பதுதான் சரியான ஒப்பீடு என்பது என் கட்சி.

முதல் வழி, வீட்டுக்குள்ளேயே அறை மாறுவது: கிளாசிக் லோலிட்டா. ஒசாகாவின் இன்னசென்ட் வேர்ல்ட் கடை இதற்குப் பேர்போனது. தந்த நிறம், ஒயின் சிவப்பு, பாசிப்பச்சை, சின்னப் பூக்கள். பாவாடை சற்று நீளம், விரிவு கம்மி. பிளவுஸும் ஷூவும் அப்படியே செல்லும். மிட்டாய் நிற ஜம்பர் ஸ்கர்ட்டை விற்று இதில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பார்க்க மிகச் சுலபமான மாற்றம்தான். ஆனால் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது அலுத்துப்போய் வெளியே வருபவருக்கு இது தீர்வே இல்லை.

இரண்டாவது, கோதிக் அரிஸ்டோகிராட். மாலிஸ் மிசர் இசைக்குழுவின் கிதார் கலைஞர் மானா 1999-இல் தொடங்கிய மோய்-மெம்-மோய்த்தியே என்ற உடை நிறுவனம் இதன் தலைமைப் பீடம். கணுக்கால் வரை நீண்ட கறுப்புப் பாவாடை, நிமிர்ந்த காலர், உடம்போடு தைத்த கோட்டு. கால்சட்டையும் உண்டு, ஆண்களும் போடுவார்கள். வயது கூடக் கூட எடுப்பாக இருக்கும் உடை இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. சிக்கல் என்னவென்றால், பீரோவிலிருந்து கறுப்பு, வெள்ளை பிளவுஸைத் தவிர எதுவும் கூட வராது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்புறம் டோக்கியோவின் ஆகஸ்ட் புழுக்கம் இருக்கிறது. அதில் கறுப்பு வெல்வெட் கோட்டோடு நடப்பவரைப் பார்த்தால் பக்திதான் வரும்.

மூன்றாவது மோரி கேர்ள். 'மோரி' என்றால் காடு. காட்டில் வாழும் பெண் போல இருக்கிறாய் என்று தோழி சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண் 2006-இல் மிக்ஸி என்ற ஜப்பானிய வலைத்தளத்தில் தொடங்கிய குழுவிலிருந்து கிளம்பியது. பருத்தி, லினன், கம்பளிப் பின்னல், ஒன்றின் மேல் ஒன்றாகத் தொளதொளவென்று. லோலிட்டாவில் இடுப்பை இறுக்கிக் கட்டிச் சலித்தவருக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. இரண்டும் நேர் எதிர் போலத் தெரியும். ஆனால் லேஸைக் கண்டால் விரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் இரண்டுக்கும் பொது. வெள்ளைப் பிளவுஸ், பழைய பாணி ப்ரூச், லேஸ் வைத்த உள்ளாடைகள் எல்லாம் இங்கே வெளியே தெரியும்படி வந்துவிடும். பெரிய அலை 2010-ஐ ஒட்டி அடங்கிவிட்டது. அதனால் என்ன, லினனுக்கு வயதாவதில்லையே.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருக்கும் ஒரே ஜம்பர் ஸ்கர்ட் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. சில ஆண்டுகளில் ஜிப் பாதியில் நின்றது. முதுகுப் பக்கம் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கித் தைத்த ஷர்ரிங் இருந்திருந்தால் பத்து சென்டிமீட்டராவது கொடுக்கும். என்னுடையதில் இல்லை, நானும் வாங்கும்போது கவனிக்கவில்லை. கடைசியில் மேல்பகுதியைப் பிரித்து, இடுப்புக்குப் பட்டி வைத்து வெறும் பாவாடையாக்கினேன். பானியே இல்லாமல் போட்டதும் துணி அப்படியே தொங்கிவிட்டது. அப்போதுதான் பாவாடையின் அடிப்பகுதியைச் சரியாகப் பார்த்தேன். மூன்று வரிசை மெல்லிய பின்டக் மடிப்பு, அதன் கீழே பூத்தையல் போட்ட லேஸ், ஓரம் மடித்து உள்தையல். விரித்து வைத்திருந்த காலத்தில் இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. அதை இப்போது சாதாரண ஸ்வெட்டரோடு போடுகிறேன்.

இதுதான் கிட்டத்தட்ட நான்காவது வழி: ஒட்டோமே. 'ஒட்டோமே' என்றால் கன்னிப்பெண், 'கெய்' என்றால் வகை. ஒட்டோமே-கெய் லோலிட்டாவுக்கு அத்தை முறை என்று சொல்லலாம். ஹராஜுகுவில் மில்க் கடை திறந்தது 1970-இல். ஜேன் மார்ப்பிள் என்ற உடை நிறுவனம் 1985-இல் வந்தது. லோலிட்டா என்ற பெயர் பரவுவதற்கு முன்பே இருந்த குடும்பம் இது. டார்ட்டன் கட்டம், மாலுமிக் காலர், சின்னச் சின்ன விசித்திர அச்சுகள். பானியே கிடையாது. பார்ப்பவருக்கு 'கொஞ்சம் அழகான பாவாடை' என்று மட்டும் தோன்றும், உடுத்துபவருக்கு உள்கதை தெரியும். பிளவுஸ், ஷூ, கார்டிகன், பை என்று பீரோவில் பாதிக்கு மேல் கூடவே வரும். அலுவலகத்துக்கும் போகலாம், சைக்கிளும் ஓட்டலாம். நான்கில் என் ஓட்டு இதற்குத்தான். ஒரு குறை: கூட்டம் கிடையாது. ஒரே மாதிரி உடுத்திப் பத்துப் பேர் டீ குடிக்கப் போகும் குதூகலத்துக்காகவே லோலிட்டா போட்டவருக்கு இது தனிமையாக இருக்கும். அவர் கிளாசிக்குக்கே போகட்டும்.

வழிகாட்டப் பத்திரிகைகளும் இப்போது இல்லை. கெராவும் ஃப்ரூட்ஸும் கோதிக் அண்ட் லோலிட்டா பைபிளும் 2017-இல் அச்சிலிருந்து நின்றுபோயின. இந்தப் பாணிக்கு இதுதான் விதி என்று மாதாமாதம் சொல்ல ஆள் இல்லை. கலந்து போடுவதற்கு முன்னைவிடத் துணிச்சல் வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எங்கேயும் போகாதவர்களும் உண்டு. ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் 2009-இல் 'கவாயி தூதர்' (கவாயி என்றால் செல்ல அழகு) என்று நியமித்த மிசாகோ ஆவோகி, நாற்பது வயதைத் தாண்டியும் அதே விரிந்த பாவாடையோடுதான் வலம் வருகிறார். செவிலியர் வேலையும் பார்த்தவர். அவரிடம் போய் எப்போது சொத்சுக்யோ என்று யார் கேட்பது?

பானியேயை மட்டும் எந்த வழியும் ஏற்பதில்லை, கிளாசிக் கொஞ்சம் இடம் கொடுக்கும், அவ்வளவுதான். விற்றாலும் பெரிதாக விலை போகாது, மடித்தாலும் அடங்காது. என்னுடையது பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் பொத்தென்று தலையில் விழுகிறது.