எம்35 லாரிக்கு மழையில் எது: ராணுவ லக் டயரா, ரேடியலா?

ஆறு மாதம் மண்டையைக் குழப்பிக்கொண்டு கடைசியில் பத்து டயரையும் மாற்றிவிட்டேன். வண்டி அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2. பெயர்தான் இரண்டரை டன், வெறும் வண்டியே கிட்டத்தட்ட ஆறு டன் இருக்கும். நான் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடருக்கு மேற்கே. அக்டோபரில் பிடிக்கும் தூறல் வசந்தம் வரை விடாது. அதனால் சேற்றில் எது இழுக்கும் என்ற கவலை எனக்கில்லை, ஈரத் தார்ச்சாலையில் எது நிற்கும் என்பதுதான் கவலை.

வண்டியோடு வந்தது 9.00-20 பயஸ் பிளை (உள்நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து போகும் பழைய வகை) லக் டயர், அதாவது மேலே தடித்த ரப்பர் கட்டிகள் துருத்தி நிற்பது. என்டிடி என்பார்கள். எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் ஒன்றுதான். பார்க்க அசல் ராணுவக் களை, உபரிச் சரக்கில் மலிவு, பக்கச்சுவர் கல் மாதிரி. இதற்கு எதிராக நான் பார்த்தது அதே ரிம்மில் உட்காரும் 9.00ஆர்20 லாரி ரேடியல், உள்நூல்கள் நேர்குறுக்காகப் போகும் வகை. மிஷலின் எக்ஸ்இசட்எல் 395/85ஆர்20 என்ற பெரிய டயரை, பின்னால் இரட்டையாக இல்லாமல் ஒற்றையாக மாட்டுகிறவர்களும் உண்டு. அதற்கு ரிம்மையே மாற்ற வேண்டும், அந்தச் செலவு எனக்குக் கட்டாது.

லக் டயர் மழையில் வழுக்கும் என்றதும் பலர் தண்ணீர் மேல் மிதப்பதைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விமான டயர்களுக்காக நாசா 1960-களில் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால் டயர் மிதக்கத் தொடங்கும் மைல் வேகம் வரும். 50 பிஎஸ்ஐக்கு அது சுமார் 73 மைல். என் வண்டி உயிரைக் கொடுத்து ஓடினாலும் 56 தான். காலி லாரிக்கு, தரையில் பதியும் பரப்பு குறுகிவிடுவதால், இந்த வரம்பு இன்னும் கீழே இறங்கும் என்பது உண்மை. ஆனாலும் அவ்வளவு அகலமான பள்ளங்கள் உள்ள டயரில் தண்ணீர் வெளியேற வழியா இல்லை?

சிக்கல் ரப்பரில்தான். லக் ஒவ்வொன்றும் ஒரு முழுக்கட்டி, மெல்லிய கீறல் ஒன்றுகூடக் கிடையாது. தாரைத் தொடும் பரப்பும் குறைவு. அதற்கு மேல் வயது. பக்கச்சுவரில் உள்ள டாட் எண்ணின் (தயாரிப்பு அடையாள எண்) கடைசியைப் பாருங்கள்: நான்கு இலக்கம் என்றால் வாரமும் ஆண்டும், மூன்றே இலக்கம் என்றால் அந்த டயர் 2000-க்கு முந்தியது. என்னுடையதில் மூன்று. பட்டன் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருந்தது, அதை நம்பித்தான் ஏமாந்தேன். கடினமானி வைத்துப் பார்த்தால், ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 80-ஐத் தாண்டியது. நல்ல லாரி டயர் 60, 65 பக்கம் இருக்கும். நகம் வைத்து அழுத்தினால் பதியாத ரப்பர் ஈரத்தில் தாரைப் பிடிக்குமா என்ன?

ஒரு நவம்பரில் காலி வண்டியோடு இறக்கத்தில் சிக்னலுக்கு பிரேக் போட்டேன், வேகம் 25 மைல்கூட இருக்காது. பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, வால் பக்கத்து லேனுக்குள் போய் நின்றது. இந்த வண்டியில் ஏபிஎஸ் கிடையாது, பிரேக் ஹைட்ராலிக்கும் ஒரே சுற்றுதான். சக்கரம் பூட்டினால் காலைத் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அன்று பக்கத்தில் கார் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

ரேடியல் போட்டபின் அதே இறக்கத்தில் அதே வேகத்தில் வேண்டுமென்றே பிரேக் மிதித்துப் பார்த்தேன். பூட்டத்தான் செய்கிறது, ஆனால் ரொம்ப அழுத்தி மிதித்த பிறகு, அதுவும் நேராக நிற்கிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாததால் நிறுத்துமிடத்தில் திருப்பத் தோள் வலிக்கிறது. ஒரே ஒரு மழைக்காலம்தான் ஓட்டியிருக்கிறேன், ஐந்தாறு வருடம் கழித்து இதுவும் எப்படி இறுகும் என்று இப்போது சொல்ல முடியாது. புதிதாக வார்த்த என்டிடியை நான் மழையில் ஓட்டியதும் இல்லை. என் பழையதைவிட அது நன்றாகவே பிடிக்கலாம்.

மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: ரேடியலுக்கு ரேடியல் டியூப்தான் போட வேண்டும், பழையதைத் திணிக்காதீர்கள். லாக் ரிங் (டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம்) உள்ள ரிம்மில் பாதுகாப்புக் கூண்டு இல்லாமல் காற்று அடிக்கவே கூடாது, ரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும்.

பழைய பத்தையும் கண்காட்சிக்கு மட்டும் வண்டி வைத்திருக்கும் ஒருவர் கேட்டார். சாலையில் ஓட்ட மாட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் கொடுத்தேன்.