சொந்தப் பெயரா, புனைபெயரா?

உப்புவெளிக் கடற்கரையில் கொட்டிக் கிடந்த குப்பையைப் படம் பிடித்து வைத்திருந்த தம்பி ஒருவர், "அண்ணா, பேஸ்புக்கில என்ட பேர்லயே போடவா, வேற பேர்லயா?" என்று கேட்டார். 2024 பெப்ரவரியில், இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இலங்கையில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து திருகோணமலையில் பலருக்கும் இந்த யோசனைதான்.

தனியுரிமை
சொந்தப் பெயர்: வீடு, வேலை, சொந்தக்காரர் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.
புனைபெயர்: அயலவருக்குத் தெரியாது. ஆனால் சிம் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில்தானே இருக்கிறது! அரசிடமிருந்து ஒளிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சட்டம்
சொந்தப் பெயர்: ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுதான் 'தடைசெய்யப்பட்ட கூற்று' எது என்று பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். படம், திகதி, இடம் கையில் இருந்தால் நின்று பதில் சொல்லலாம்.
புனைபெயர்: போலிக் கணக்குகளுக்கென்றே அந்தச் சட்டத்தில் தனிப் பகுதி உண்டு. பேஸ்புக்கும் அன்றாடம் புழங்கும் பெயரைத்தான் கேட்கிறது. யாராவது முறையிட்டால் கணக்கே போகலாம். எனக்கு இதுதான் பெரிய ஓட்டையாகப் படுகிறது.

நம்பகம்
சொந்தப் பெயரை ஊர் நம்பும். மற்றதற்கு "யார்ரா இவன்?" என்பதுதான் முதல் கொமெண்ட்.

2022 ஏப்ரல் 3 அன்று செய்தது போல அரசு சமூக ஊடகங்களையே முடக்கினால் இரண்டு பெயரும் ஒன்றுதான்.

குப்பை, வீதி, தண்ணீர் என்றால் சொந்தப் பெயரில் போடுங்கள். வீட்டு வன்முறை, வேலையிடத் தொல்லை போன்றவற்றைப் பேசும் பெண்களுக்குப் புனைபெயர்தான் சரி. படத்தில் வீட்டு வாசல் தெரிகிறதா என்று மட்டும் ஒருக்கால் பாருங்கள். தம்பி தன் பெயரிலேயே போட்டார்.