"அலர்ஜி" என்று சொல்லி விற்ற முயல்: யாழ்ப்பாணத்தில் முயல் வாங்கப் போகிறவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்

யாழ் நகரில் செல்லப் பிராணிகள் விற்கும் ஒரு கடையில் மகளுக்காக ஒரு சோடி முயல் வாங்கினோம். 8000 ரூபாய். பில் தரவில்லை. காசுப் பேச்சு இன்னும் முடியாததால் கடைப் பெயரைப் போடவில்லை, இன்பொக்ஸில் வந்து கேட்கவும் வேண்டாம்.

வாங்கும்போதே வெள்ளை முயல் தும்மியது. கடைக்காரர் ஒரு துணியால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டுத்தான் கையில் தந்தார். ஏன் தும்முது என்று கேட்டேன். "ஒண்டுமில்லைத் தம்பி, தூசி அலர்ஜி. சோளகக் காத்து அடிக்குதெல்லே, எல்லாத்துக்கும் இருக்கு" என்றார். வீட்டில் ஏற்கெனவே ஒரு முயல் நிற்கிறது, சேர்த்து விடலாமோ என்று கேட்டதற்கு, "அலர்ஜி தொத்துமே? தாராளமா விடுங்கோ" என்று சிரித்தார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

வீட்டில் மகள் அதைத் தூக்கியபோதுதான் முன்னங்கால்களின் உட்பக்கம் கண்ணில் பட்டது. மற்ற இடமெல்லாம் பஞ்சு. அங்கே மட்டும் மயிர் சாம்பல் நிறமாகி, கஞ்சி போட்டுக் காய்ந்த துணி மாதிரி விறைத்துத் திரிதிரியாக ஒட்டியிருந்தது. முயல் வடிகிற மூக்கைத் தன் முன்னங்காலால்தான் துடைக்கும். மூக்கைத் துடைத்து விற்றவருக்குக் காலைத் துடைக்க நினைவு வரவில்லைப் போல.

கொஞ்ச நாளில் எங்கள் பழைய முயலும் தும்மத் தொடங்கியது. முதலில் தண்ணீராக வடிந்தது, பிறகு வெள்ளையாகத் தடித்தது. கடைக்குப் போன் எடுத்தால், "உங்கட வீட்டிலதான் தூசி கூட" என்றார். வெள்ளை முயலைத் திருப்பிக் கொண்டுபோனேன். "ஒரு ராத்திரி விட்டிட்டுப் போங்கோ, மருந்து குடுத்துத் தாறன்" என்றார். என்ன மருந்து என்று அடுத்தநாள் கேட்டபோது பெருமையாகவே சொன்னார்: ஆட்களுக்குக் கொடுக்கிற அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோட்டிக் குளிசையை உடைத்துக் கரைத்துப் பருக்கினாராம். அதற்கும் 500 ரூபாய் எடுத்தார். அலர்ஜி என்றால் அன்ரிபயோட்டிக் எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. முயல் சாப்பாட்டைத் தொடவில்லை, வயிற்றாலடி தொடங்கியது, செத்துப்போனது. "முயலெண்டா அப்பிடித்தான், பயத்திலயே செத்துப்போம்" என்பது கடைக்காரரின் விளக்கம்.

பழைய முயலை அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். பொறுமையாக விளக்கினார். முயலுக்கு வரும் தொற்றுச் சளிக்குப் பெரும்பாலும் பாஸ்சுரெல்லா என்ற பக்டீரியா காரணம். போர்டெட்டெல்லாவும் வேறு சிலவும் உண்டு. நோய்க்குறி எதுவும் இல்லாமலே மூக்குக்குள் பாஸ்சுரெல்லாவை வைத்திருக்கும் முயல்கள் நிறைய. நெரிசலான கூடு, பயணம், புது இடம் என்று ஏதாவது அழுத்தம் வந்தால் கிளம்பும். தும்மல் துளியால், தொட்டுப் புழங்குவதால், தீன் கோப்பையால், எங்கள் கையாலும் உடுப்பாலும்கூடப் பரவும். அமொக்சிசிலின், பெனிசிலின் வகைகளை வாயால் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, குளொஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி நஞ்சு சுரக்கும். எங்களுக்குச் சாதாரணமான குளிசை முயலுக்கு எமன். எங்கள் முயலுக்கு அவர் தந்தது என்றோபுளொக்சசின் என்ற வேறு வகை அன்ரிபயோட்டிக், அதுவும் நிறை பார்த்து அளந்து, வாரக்கணக்கில். இப்போது சாப்பிடுகிறது. முழுதாகப் போய்விட்டது என்று அவரும் சொல்லவில்லை, ஏனென்றால் இந்தக் கிருமி மூக்குக்குள் ஒளிந்திருந்து திரும்பவும் வரும்.

தூசியால் வருகிற தும்மலே இல்லையென்று சொல்ல வரவில்லை. அது இருக்கிறது, எங்கள் ஊரில் நன்றாகவே இருக்கிறது. நுளம்புத்திரி, சாம்பிராணி, குப்பை எரிக்கிற புகை, மர ஆலையில் அள்ளிவந்த மரத்தூள், துப்புரவு செய்யாத கூட்டில் மூத்திரத்தால் கிளம்பும் அமோனியா நெடி, எல்லாமே முயலின் மூக்கை உறுத்தும். ஆனால் அப்போது வடிவது தெளிந்த தண்ணீர். முயல் வழமைபோல் ஓடும், சாப்பிடும். தூளை மாற்றி, புகையை நிறுத்தினால் தும்மல் குறையும். பக்கத்துக் கூட்டு முயலுக்கு ஒன்றிலிருந்து ஒன்றாகப் பரவாது. தொற்று என்றால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தடித்து வடியும், கண்ணும் சில வேளை பீளை கட்டும், மூச்சில் கரகரப்புக் கேட்கும், சாப்பாடு குறையும். சிலதுக்குத் தலை ஒருபக்கம் சரியும்.

இதை மட்டும் நம்பி வீட்டில் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. எங்கள் முயலைப் போல, தொற்றும் ஆரம்பத்தில் தண்ணீராகத்தான் வடியும். மேல்வாய்ப் பல்லின் வேர் வளர்ந்து கண்ணீர்க் குழாயை அழுத்தினாலும் கண் வடியும். ஆனால் முயல் வாயைத் திறந்து மூச்சு விட்டால் யோசிக்கவே வேண்டாம், உடனே வைத்தியரிடம் ஓடுங்கள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி, வாயைத் திறக்கிறது என்றால் நிலைமை முற்றிவிட்டது. அரை நாளாகச் சாப்பிடாமல் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், குடல் நின்றுபோகும்.

வாங்கும்போது முன்னங்கால் உட்பக்கத்தைப் பாருங்கள். அதே கூட்டில் நிற்கிற மற்ற முயல்களையும் கொஞ்சநேரம் நின்று பாருங்கள், அந்தக் கடையில் தும்மாத முயலைத் தேடவேண்டியிருந்தது. எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் புது முயலை ஒரு மாதமாவது வேறு அறையில் வையுங்கள். தீன் வைக்கும்போது பழைய முயலுக்கு முதலில், புதியதுக்குப் பிறகு, கடைசியில் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

போன கிழமை கடைக்குப் போனபோது அதே கூட்டில் புதிதாக நாலைந்து குட்டிகள் நின்றன. சுவரில் "விற்ற பிராணிகள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று ஒரு மட்டையும் தொங்கியது, முதல் அது இல்லை. பாதிக் காசு தாறன் என்று சொல்லியிருக்கிறார். தந்தால் அதையும் இங்கே எழுதுகிறேன்.