பையனோட கார்ட்டிங்: ரென்டல்ல இருந்து சீனியர் மேக்ஸ் வரைக்கும், ஆரம்பிக்கப் போறவங்களுக்கு

எங்களுக்கு கோயமுத்தூருங்க. பையன் எட்டாவது படிக்கறப்ப ரேஸர்தான் ஆவேன்னு ஒத்தக்கால்ல நின்னான், கார்ட்னு சொல்ற குட்டி ரேஸ் வண்டியிலதான் ஆரம்பம். இப்ப பத்தாவது முடிச்சுட்டான், ரோட்டாக்ஸ் கம்பெனி இன்ஜின் போட்ட கார்ட் ரேஸ்ல ஜூனியர் பிரிவுல ஆரம்பிச்சு, பெரிய பசங்க ஓட்டற சீனியர் மேக்ஸ் பிரிவுக்கு வந்தாச்சு. இத்தன நாள் கூடவே இருந்து பாத்ததுல பட்டத எழுதறேன்.

வாடகைக்கு கார்ட் குடுக்கற ரென்டல் டிராக்குல பையன் நல்ல டைம் போடறான், சொந்தமா ஒரு கார்ட் வாங்கிரலாமான்னுதான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. அவசரப்படாதீங்க. ரென்டல்ல பெரும்பாலும் இருக்கறது தோட்டத்துல பம்புக்குப் போடற ஜாதி ஹோண்டா ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். ரேஸ் கார்ட் 125 சிசி டூ ஸ்ட்ரோக், வாட்டர் கூலிங், சீனியர்னா ரோட்டாக்ஸே 30 எச்பி கிட்ட தருது, சஸ்பென்ஷனும் கிடையாது, வளைவுல ரெண்டு பின் வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரென்ஷியலும் கிடையாது. பின்னாடி ரெண்டு வீலும் ஒரே ஆக்சில்ல சுத்தறதால, வளைவுல உள்பக்கத்து பின் வீல் லேசா தரையை விட்டு எந்திரிச்சாத்தான் வண்டி ஒழுங்கா திரும்பும், அப்படி தூக்கி விடறது ஃப்ரண்ட் வீலோட காஸ்டரும், அதாவது வீல் திரும்பற அச்சோட சாய்வும், சேசிஸ் பைப் முறுக்கிக் கொடுக்கறதும்தான். அதனாலதான் சீட்டை ஒரு சென்டிமீட்டர் நகத்தினாலே வண்டி வேற வண்டி ஆயிருது. பையன் முதல்ல உக்காந்தப்ப பழக்கதோஷத்துல ஸ்டியரிங்க சடார்னு வெட்டி சறுக்கிட்டே போவான், சறுக்கற ஒவ்வொரு தடவையும் வேகம் செத்துரும். அது மாறவே பல மாசம் ஆச்சு.

அதனால என் அபிப்பிராயம், முதல் சீசனுக்கு கார்ட் வாங்கவே வேண்டாம். டீம்காரங்களே கார்ட், மெக்கானிக், டயர் எல்லாம் குடுத்து ஓட்ட விடறாங்க, காசு கட்டிட்டு அதுல ஓட்டட்டும். வண்டி வாங்கற காசு ஒரு தடவையோட போயிரும், ஓட்டற காசுதான் நிக்காம போகும். புது ஸ்லிக் டயர், அதாவது கோடே இல்லாத வழவழ டயர், முதல் சில செஷன்லதான் உச்சத்துல இருக்கும், அப்புறம் ஒரு ரவுண்டுக்கு ஆகற லேப் டைம் கொஞ்சம் கொஞ்சமா கூடிட்டே போகும். இன்ஜினை நம்ம இஷ்டத்துக்கு பிரிக்கவும் முடியாது, சீல் போட்டிருப்பாங்க, அதுக்குன்னு அனுமதி இருக்கற எடத்துலதான் ஓவர்ஹால் பண்ணணும். இந்தச் செலவெல்லாம் கைக்கு அடங்குமான்னு பாத்துட்டு அப்புறம் வண்டியப் பத்தி யோசிங்க.

செகண்ட் ஹேண்ட் எடுக்கறதா இருந்தா வண்டியத் தூக்கி அடியில பாருங்க. டிராக் ஓரத்து மேடான கெர்ப்ல ஏறி ஏறி பைப் அடிப்பக்கம் தேஞ்சு தட்டையா போயிருக்கும், வெரல வச்சு தடவினாலே தெரியும். வெல்டிங் ஜாயின்ட் பக்கத்துல பெயின்ட் மட்டும் புதுசா பளபளன்னு இருந்தா சொரண்டிப் பாக்கச் சொல்லுங்க. எங்களுக்கு ஒருத்தர் காட்டின வண்டியில அந்த பெயின்ட்டுக்கு அடியில விரிசல் இருந்துச்சு, நல்லவேளை கூட வந்த மெக்கானிக் கண்டுபிடிச்சாரு. ஸ்டாண்டுல வச்சு ஆக்சிலையும் சுத்தி விட்டுப் பாருங்க, வளைஞ்சிருந்தா ஆட்டம் தெரியும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஜெட்டிங், அதாவது கார்புரேட்டர்ல எவ்வளவு பெட்ரோல் போகணும்னு முடிவு பண்ற ஜெட்ங்கற குட்டி ஓட்டை பாகத்தை மாத்தறது. சென்னை கடல் மட்டம், பெங்களூர் 900 மீட்டர் உயரம், அங்க காத்து லேசு. சென்னை பக்கத்துல இருக்கற இருங்காட்டுக்கோட்டை டிராக்குல நல்லா ஓடின மெயின் ஜெட்டையே பெங்களூர்ல போட்டா பெட்ரோல் அதிகமாகி மேல ஆர்பிஎம்ல இன்ஜின் திக்கும், சின்ன ஜெட் போடணும். ஒரே நாள்லயே காலைல குளுருக்கு ஒன்னு, மத்தியான வெயிலுக்கு ஒன்னு. இப்ப பையனே ஒரு நோட்டுல ஜெட் நம்பர், வெயில், டயர் பிரஷர், லேப் டைம் எல்லாம் எழுதி வெக்கறான், பழைய பக்கத்தைப் புரட்டிப் பாத்துட்டுத்தான் கார்புரேட்டர்ல கையே வெக்கறான். அவன் வேகமா ஓட்டறதை விட இந்த நோட்டப் பாத்துத்தான் இவன் இதுல நெலச்சு நிப்பான்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

உடம்பு விஷயம் லேசா எடுத்துக்காதீங்க. சீட்டு விலா எலும்புல குத்திக்கிட்டே இருக்கும், ரிப் ப்ரொடெக்டர் இல்லாம ஒரு செஷன் கூட விடாதீங்க. கழுத்துக்கும் முன்னங்கைக்கும் தனியா எக்சர்சைஸ் வேணும். போட்டியில எறங்க, இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் சங்கமான எஃப்எம்எஸ்சிஐ லைசென்ஸ், மெடிக்கல் சர்டிஃபிகேட் வேணும், மைனர்னா அப்பா அம்மா கையெழுத்தும் போடணும்.

புரொபஷனலா வரணும்னா வழி நீளம்ங்க, மறைக்க மாட்டேன். கார்ட்டிங்க்கு அடுத்த படியான ஃபார்முலா 4க்கு 15 வயசு ஆகணும். உச்சியில இருக்கற ஃபார்முலா 1 (எஃப்1) ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு மூணு வருஷத்துல 40 பாயின்ட் சேக்கணும். நம்ம ஊரு நரேன் கார்த்திகேயன் 2005ல ஜோர்டான் டீமுக்கு ஓட்டினாரு, சென்னை கருண் சந்தோக் 2010ல ஓட்டினாரு, இவங்க ரெண்டு பேரைத் தவிர இந்தியால இருந்து எஃப்1 ரேஸ்ல யாரும் ஓட்டல. ஜெஹான் தாருவாலா, குஷ் மைனி எல்லாம் கார்ட்டிங்ல ஆரம்பிச்சு எஃப்1க்கு முந்தின படியான எஃப்2 வரைக்கும் போனவங்க, ஆனா சின்ன வயசுலயே ஐரோப்பா போய் ஓட்டிப் பழகினாங்க. அந்தச் செலவு எங்க வீட்டுக்கு ஆகாதுன்னு பையன்கிட்ட நேராவே உக்கார வச்சு சொல்லிட்டேன். பரவால்லப்பா, இங்க நேஷனல்ல ஜெயிச்சுட்டு ஸ்பான்சர் கேக்கலாம், அது ஆகலைன்னா ரேஸ் இன்ஜினியர் ஆகறேன்னான். அதனால பிளஸ் ஒன்ல மேத்ஸ் குரூப்தான் எடுக்க வச்சிருக்கோம், மாச டெஸ்ட் இருக்கற வாரம் டிராக் கிடையாதுங்கறது அவங்கம்மா போட்ட கண்டிஷன், அதுல மட்டும் எனக்கும் சரி அவனுக்கும் சரி அப்பீலே கிடையாது.