பூம்புகாரா, ஆதிச்சநல்லூரா, டொம்லூரா? என் நாவலுக்கு ஊர் தேடிய கதை

புராணம், பழைய கோயில், மண்ணுக்குள் ஒரு ரகசியம், அதைத் துரத்திக்கொண்டு ஓடும் இரண்டு பேர். இப்படி ஒரு தொல்லியல் சாகச நாவல் எழுத உட்கார்ந்தேன். ஊரைத் தேர்ந்தெடுப்பதிலேயே நான்கு மாதம் போய்விட்டது. கடைசியில் பெங்களூரு அல்சூரில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் போய்விடக்கூடிய டொம்லூரைத்தான் பிடித்துக்கொண்டேன். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

புராண பலத்தில் பூம்புகாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சோழன் நெடுமுடிக்கிள்ளி மகனைத் தேடும் துயரத்தில் இந்திர விழாவை மறக்கிறான், ஊரைக் கடல் கொள்கிறது என்கிறது மணிமேகலை. இந்த ஒரு வரியே ஒரு நாவலுக்குப் போதும். போதாததற்கு, 1990களின் தொடக்கத்தில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் அங்கே 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாடம் போன்ற ஓர் அமைப்பைக் கண்டார்கள். அது மனிதர் கட்டியதுதானா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. கதை எழுதுகிறவனுக்கு லட்டு மாதிரியான விஷயம். ஆனால் என் நாயகி பாதி நாவலுக்கு வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு இருந்தாக வேண்டும், வில்லனைத் திட்டக்கூட முடியாது. நானோ இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிக் கடலில் இறங்கியவன் இல்லை. முக்குளிக்கத் தெரிந்தவர் எழுதினால் இந்தக் குறை வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆதிச்சநல்லூரில் இரண்டு அத்தியாயம் எழுதியே விட்டேன். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் முதலில் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரே. இறந்தவர்களைப் புதைத்த தாழிகள், பொன் நெற்றிப்பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள் என்று வந்துகொண்டே இருந்தன. கொஞ்சம் பெர்லினுக்கும் போயிற்று. தாமிரபரணியில் தொடங்கி ஜெர்மனியில் முடிகிற துரத்தலுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

அப்புறம்தான் பராமரிப்புச் செலவு தெரிந்தது. என் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பேராசிரியர், தமிழகத்தில் இரும்பு எப்போது வந்தது என்று அழுத்தம்திருத்தமாக ஒரு காலம் சொல்வார். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, பக்கத்துச் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று ஆய்வு முடிவை வெளியிட்டது. பேராசிரியரின் வாயை அடைத்து, அவரைச் சார்ந்து நின்ற இரண்டு துப்புகளையும் பிடுங்க வேண்டியதாயிற்று. அதையும் சிலர் மறுக்கிறார்கள், நாளை வேறு முடிவு வரலாம். அகழாய்வு நடந்துகொண்டிருக்கும் இடத்தில் கதை வைத்தால், வாடகை வீட்டுக்குச் சொந்தக் காசில் வெள்ளையடிக்கிற மாதிரிதான். இன்னொன்று, தாழி பேசாது. துப்பு முழுவதையும் நாமே புனைய வேண்டும். நான் அங்கே அரை நாள்தான் இருந்தேன். அந்த ஊர்க்காரருக்கு என் கண்ணில் படாதது பட்டிருக்கும்.

டொம்லூர் சொக்கநாதர் கோயில் பேசுகிறது, அதுவும் தமிழில். 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் இந்த ஊருக்குத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர். அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்த செய்திகூட இருக்கிறது. கல்வெட்டு ஆய்வாளர் பி. எல். ரைஸ் 1905இலேயே பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டுவிட்டார். என் நாவல் வெளிவருவதற்குள் அந்த நிலைக்கால்களின் எண்ணிக்கை மூன்றாகிவிடாது.

மர்மமும் வாசலிலேயே தொடங்குகிறது. சொக்கநாதர் என்றால் நமக்கு மதுரைச் சிவன். உள்ளே போனால் நிற்பவர் பெருமாள். கல்வெட்டும் சொக்கப்பெருமாள் என்றே சொல்கிறது. சொக்கு என்றால் அழகு, அது யாருக்கும் பொருந்தும் என்று விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடைக்கு முன்னால் 100 பக்கம் ஓட்டலாமே!

என்னை முழுதாக விழவைத்தது எழுத்து. ஒரு சனிக்கிழமை காலை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளியில் கன்னடம் படிக்கிறவள். செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் கல் மொட்டையாகத் தெரிந்தது. சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்ததும் வரிகள் நிழலோடு எழுந்து நின்றன. “மாமா, இது நம்ம எழுத்தா?” என்றாள். ஆமாம், ஆனால் புள்ளி வைக்க மாட்டார்கள், குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு என்றேன். சொல்லி முடிக்கும்போதே பொறி தட்டியது. ‘கொடு’ என்றும் படிக்கலாம், ‘கோடு’ என்றும் படிக்கலாம். ஒன்று ‘தா’, மற்றொன்று மலைச்சிகரம். வில்லன் ஏதோ கொடையைத் தேடி அலையட்டும், என் நாயகி மலையேறுவாள். மசிப்படி எடுக்கிறவள் அவள். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டித் தட்டித் தட்டி மை ஒற்றுகிறவளுக்கு இந்த வித்தியாசம் விரல் நுனியில் இருக்கும். கடலடியிலும் தாழியிலும் இப்படி ஒரு துப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை.

பேகூரில் சுமார் கி.பி. 890ஐச் சேர்ந்த, பெங்களூரு என்ற பெயர் வரும் வீரக்கல்லையும் யோசித்தேன். அது கன்னடம். எனக்குப் பழங்கன்னடம் ஓடாது, அதனால் அதைப் படிக்க நாயகிக்கு ஒரு தோழியைச் சேர்த்தாயிற்று.

டொம்லூரில் எனக்குத் தட்டுப்படுகிற ஒரே குறை துரத்தல் காட்சி. மேம்பாலத்துக்குக் கீழே மாலை 6 மணிக்கு யாரும் யாரையும் துரத்த முடியாது. வில்லன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க, நாயகி நடந்தே தப்பிக்கிறாள்.