மெய்ன் கூன் என்று தலையில் கட்டுகிறார்கள்: அட்வான்ஸ் போடும் முன் படியுங்கள்

விளம்பரப் படத்தில் ஒருவர் பூனையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருப்பார்; அதன் பின்கால் அவர் முழங்கால் வரை தொங்கும். கீழே ‘மெய்ன் கூன் குட்டி, மூன்று மாதம், ஊசி எல்லாம் போட்டாச்சு, எந்த ஊருக்கும் டெலிவரி’ என்று இருக்கும். பர்ஷியன் (தட்டை முகமும் நீள முடியும் உள்ள இன்னொரு பூனை இனம்) குட்டியைப் போலப் பல மடங்கு விலை, அதில் பாதி ஜிபேயில் முன்பணம். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது பர்ஷியன் கலப்புக் குட்டி. சில பேருக்கு அந்தப் பெட்டியும் வருவதில்லை.

இந்த ஏமாற்று வேலை இத்தனை நாள் ஓடுவதற்குக் காரணம் அந்த இனத்தின் குணமேதான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பெரிய, நீள முடிப் பூனை இனம் இது. 1985-இல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பூனையாகவும் அறிவிக்கப்பட்டது. முழு வளர்ச்சிக்கு மூன்று முதல் ஐந்து வருடம் பிடிக்கும். விற்பவருக்கு இது போதாதா? “குட்டி பெருசாகவே இல்லையே” என்று போன் செய்தால் “நாலு வருஷம் வளரும் சார், பொறுங்க” என்பார். அதற்குள் சிம் மாறிவிடும். மெதுவாக வளரும் என்பது உண்மை. ஆனால் ஒரு வயது ஆண் மெய்ன் கூன் பொதுவாக ஐந்து கிலோவை ஒட்டி, அல்லது தாண்டி நிற்கும். ஒரு வயதில் மூன்றே கால் கிலோ இருக்கும் கடுவன் நான்கு வயதில் எட்டு கிலோ ஆகப்போவதில்லை. எடை ஏற்ற பவுடரும் டானிக்கும் கொடுத்தால் வயிறு தொங்கும், அவ்வளவுதான்.

முடியைப் பார்த்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். பூனைக்கு நீள முடி வருவது எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணுவால். அது ஒடுங்கு பண்பு, அதாவது அப்பா, அம்மா இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். குட்டை முடியுள்ள இரண்டு தெருப் பூனைகள் அந்த மரபணுவைச் சுமந்தால் அவற்றுக்கும் புசுபுசு குட்டி பிறக்கும். ‘டிரிபிள் கோட்’ (மூன்று அடுக்கு முடி) என்று சொல்லி விலை ஏற்றுகிறார்களே, அப்படி ஒரு சொல் மெய்ன் கூனின் இன விதியில் கிடையாது. காது நுனிக் குஞ்சமும் சாட்சி ஆகாது. அது கலப்புப் பூனைக்கும் இருக்கும்.

பார்க்க வேண்டியது எலும்பை. குட்டியைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லி வீடியோ கேளுங்கள். மெய்ன் கூனுக்கு முகம் நீளம். மூக்கு நெற்றியிலிருந்து மெல்லிய குழிவோடு இறங்கும். வாய்ப்பகுதி சின்னப் பெட்டியை ஒட்டவைத்த மாதிரி சதுரமாக முன்னே வரும். பர்ஷியன் ரத்தம் இருந்தால் கண்ணுக்கு நடுவே மூக்கு மடிந்து உள்ளே போகும், கண் உருண்டை, காது சிறிதாகித் தலையின் பக்கங்களுக்கு விலகும், கால் கட்டை. வாலை முதுகு மேல் முன்பக்கமாக மடக்கினால் மெய்ன் கூனுக்குத் தோள்பட்டை வரை எட்டும். முடியும் ஒரே சீராக இருக்காது: தோளில் குட்டை, வயிற்றிலும் பின்தொடையிலும் நீளம், தொட்டால் வழுக்கும். பஞ்சு மாதிரி உடம்பெங்கும் ஒரே அளவில் நின்றால் அது பர்ஷியன் பக்கம். இதெல்லாம் பொருந்தினாலும் குட்டிப் பருவத்தில் கண்ணால் மட்டும் உறுதி சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பவும் வேண்டாம்.

உறுதி காகிதத்தில்தான். டிஐசிஏ, சிஎஃப்ஏ, டபிள்யூசிஎஃப், ஃபீஃபே என்ற சர்வதேசப் பூனைப் பதிவு அமைப்புகளில் ஏதாவது ஒன்றின் பதிவு எண் குட்டிக்கோ, குறைந்தபட்சம் தாய் தந்தைக்கோ இருக்க வேண்டும். ஃபீஃபே குறியீட்டில் மெய்ன் கூனுக்கு எம்சிஓ, பர்ஷியனுக்குப் பிஇஆர். வேறு பூனையின் சான்றிதழை போட்டோ எடுத்து அனுப்புவதும் நடக்கிறது. அதனால் எண்ணை அந்த அமைப்புக்கே மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள். சான்றிதழில் உள்ள 15 இலக்க மைக்ரோசிப் எண்ணை, குட்டியின் தோலுக்கடியில் உள்ள சிப்போடு டாக்டரிடம் ரீடர் வைத்துப் பொருத்திப் பாருங்கள். ‘பேப்பர் அப்புறம் வரும்’ என்றால் வராது. அப்பா பூனை வெளிநாட்டிலிருந்து இறக்கியது என்றால் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் கொடுத்த தடையில்லாச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

வயதிலும் பொய் உண்டு. சீக்கிரம் பிரித்து விற்றால் தீனிச் செலவு மிச்சம், குட்டியும் பார்க்க அழகு. எல்லாக் குட்டிக்கும் முதலில் கண் நீலம். ஆறு, ஏழு வாரத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். ‘மூன்று மாதம்’ என்ற குட்டியின் கண்ணில் சாம்பல் நீலம் இன்னும் கலையவில்லை என்றால் சந்தேகப்படுங்கள் (வெள்ளைப் பூனைக்கு இது பொருந்தாது, சிலவற்றுக்குக் கடைசிவரை நீலம்தான்). சமையலறைத் தராசில் வையுங்கள். சாதாரணக் குட்டியே வாரத்துக்கு 100 கிராம் வீதம் ஏறி மூன்று மாதத்தில் 1.2 கிலோவை ஒட்டியிருக்கும், மெய்ன் கூன் அதற்கும் மேலே. 700 கிராம் என்றால் வயது பொய், அல்லது குட்டிக்கு நோய். செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018 விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

ஊசி கார்டைக் கையில் வாங்கி நிதானமாகப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் தொகுதி எண், காலாவதித் தேதி, பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டும் கட்டம் காலி, மூன்று தேதியும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் அது ஒரே உட்காரலில் எழுதிய கார்டு. பிறந்த தேதியிலிருந்து நாளை எண்ணுங்கள்: முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில், பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று என 16 வாரம் வரை, ரேபிஸ் 12 வாரத்துக்கு மேல். கணக்கு இடித்தால் ஊசியே போடாத குட்டி என்று வைத்துக்கொண்டு நடங்கள்.

ஏனென்றால் இழப்பு அதிகம் வருவது இங்கேதான். ‘48 மணி நேர உயிர் கேரன்டி’ தருவார்கள். பூனைகளைக் கொல்லும் வைரஸ் நோயான பான்லூகோபீனியா (பூனைப் பார்வோ) உடம்பில் நுழைந்து வெளியே தெரியச் சாதாரணமாக இரண்டு முதல் பத்து நாள். கேரன்டி முடிந்த மறுநாள் குட்டி சாப்பிடாது, வாந்தி எடுக்கும், தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நாய்க்கான பார்வோ சோதனைக் கிட்டிலேயே மலத்தைச் சோதிக்கலாம், வெள்ளணு எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கேரன்டி 14 நாளுக்கு, எழுத்தில் கேளுங்கள். புதுக் குட்டியை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். டெட்டாலும் பினாயிலும் இந்தக் கிருமியைக் கொல்லாது, பூனைக்குத்தான் விஷம். தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும்.

அடுத்த செலவு கிரூமிங்கில். நாய்க்கு வைத்திருக்கும் உண்ணி ஷாம்பூவையே பூனைக்கும் போடும் கடைகள் உண்டு. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருந்தால் பூனையின் கல்லீரலால் அதை உடைக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு வரை போகும். பாட்டிலை வாங்கிப் படித்த பிறகே பூனையைக் கொடுங்கள். டாக்டர் இல்லாமல் மயக்க மருந்து கொடுப்பார்கள் என்றால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வெயிலுக்கு மொட்டை அடிப்பதும் வேண்டாம். வாரம் மூன்று நாள் இரும்புச் சீப்பு போதும். சிக்கு விழும் இடம் அக்குள், காதுக்குப் பின்புறம், பின்தொடை. சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். பூனைத்தோல் மெல்லியது, சிக்கோடு கூடாரம் மாதிரி எழும்பி வரும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். தோலுக்கும் சிக்குக்கும் நடுவே சீப்பை அரணாக வைத்து, நுனியிலிருந்து விரலால் பிரியுங்கள்.

பணம் போய்விட்டது, ஆள் பிளாக் செய்துவிட்டார் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்தும் வாய்ப்பு உண்டு. வேறு குட்டி வந்து சேர்ந்ததென்றால் நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ‘மெய்ன் கூன்’ என்ற சொல் தெரியும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பணம் போன ரசீதும் கையில் இருக்கட்டும். ரசீதிலேயே இனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதி வாங்கினால் வழக்கு பாதி முடிந்த மாதிரி.

ஏமாந்து வாங்கிய பூனையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மெய்ன் கூன் என்று நம்பி இதயத் தசை தடிப்பதற்கு மட்டும் சோதனை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த இதய நோய்க்குக் காரணமாக 2005-இல் கண்டுபிடித்த ஏ31பி மரபணு மாற்றம் மெய்ன் கூனுக்கு உரியது. உங்களிடம் இருப்பது பர்ஷியன் ரத்தம் என்றால் பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டிக்கும் பார்க்க வேண்டும். பத்து மாதம் ஆனதும் வயிற்று ஸ்கேன் எடுத்தால் கட்டி தெரியும். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தேய்த்து எடுத்து மரபணுச் சோதனைக்கும் அனுப்பலாம். டாக்டரிடம் போகும்போது கார்டில் எழுதியிருக்கும் இனத்தைச் சொல்லாமல், பர்ஷியன் கலப்பாக இருக்கலாம் என்றே சொல்லுங்கள்.