பாஸ் டியூ-3 பெடல் டியூனர்: சேலம் மேடையிலும் ஏற்காட்டுக் குளிரிலும்

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் சேலத்தில் மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வே கிடையாது. அந்த மேடைகளில் கிட்டாரின் தலையில் மாட்டும் கிளிப் டியூனரை, அதாவது சுருதி காட்டும் கருவியை, நம்பக் கூடாது. அது மரத்தின் அதிர்வை வைத்துச் சுருதி சொல்வது. பக்கத்தில் தவிலும் டிரம்ஸும் முழங்கினால் அந்த அதிர்வும் மரத்தில் ஏறி, காட்டி ஓரிடத்தில் நிற்காமல் அலையும். காலால் மிதித்து இயக்கும் பெடல் டியூனருக்கு அந்தத் தொல்லை இல்லை. கேபிளில் வரும் சிக்னல்தான் அதற்குக் கணக்கு.

அந்த வகையில் 2010-இல் வந்த பாஸ் டியூ-3 இன்றும் நல்ல தேர்வு. துல்லியம் ஒரு சென்ட், அதாவது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. மேடைக்கு இது தாராளம். வெளிச்சத்தைக் கூட்டும் வசதி இருப்பதால் ஏற்காட்டின் மே மாதக் கோடை விழாவில் பட்டப்பகல் வெயிலிலும் விளக்குகள் தெரியும். ஆறு கம்பியையும் ஒரே மீட்டில் பார்க்க ஆசைப்பட்டால் டிசி எலக்ட்ரானிக் பாலிட்யூன் இருக்கிறது. ஆனால் கடைசியில் ஒவ்வொரு கம்பியாகத்தான் திருத்த வேண்டும் என்பதால் அதற்காக மட்டும் அதைத் தேடத் தேவையில்லை.

டியூ-3-இல் அதிகம் பேர் தடுமாறுவது ஜாக்கில். வெளியே போக இரண்டு துளைகள்: அவுட்புட், பைபாஸ். அவுட்புட்டில் போட்டால் காலால் மிதித்ததும் ஒலி அடங்கும். பைபாஸில் போட்டால் கம்பி முறுக்கும் சத்தம் முழுவதும் கூட்டத்துக்குக் கேட்கும். அடுத்தது மின்சாரம்: 9 வோல்ட், நடுமுனை மைனஸ். சில கீபோர்டு அடாப்டர்கள் 12 வோல்ட், நடுவில் பிளஸ். அவசரத்தில் அதை எடுத்துச் செருகினால் பெடல் பழுதாகலாம். பேட்டரி போட்டிருந்தால், கச்சேரி முடிந்ததும் இன்புட் கேபிளை உருவிவிடுங்கள். அது செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

கீபோர்டோடு வாசிக்கும் முன் டியூனர் அடிப்படையாகக் கொள்ளும் ஏ4 சுரத்தின் அளவு 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது தெரியாமல் 442-க்கு மாற்றியிருந்தால் கிட்டார் முழுவதும் கிட்டத்தட்ட 8 சென்ட் ஏறி நிற்கும். பச்சை விளக்கு சரியாக எரியும், பாட்டு மட்டும் ஒட்டாது.

மீட்டும் விதமும் முக்கியம். கம்பியை ஓங்கி அடித்தால் முதல் நொடியில் சுருதி ஏறித்தான் ஒலிக்கும். கட்டைவிரலால் மெதுவாகத் தட்டி, ஒலி நிலைத்த பிறகு விளக்கைப் பாருங்கள். மற்ற கம்பிகளை உள்ளங்கையால் அடக்குங்கள். சுருதி அதிகமானால் கம்பியை முறுக்கும் கீயைக் கொஞ்சம் தளர்த்தி, கீழிருந்து ஏற்றி வந்து நிறுத்துங்கள்; இறக்கி நிறுத்திய கம்பி வாசிக்க வாசிக்க நழுவும். ஐந்து கம்பி பேஸ் கிட்டாரின் பி கம்பி ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ், டியூனர் திணறும். டோன் குமிழைக் குறைத்து, 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு ஹார்மோனிக் எழுப்பினால் 62-க்கு வரும், விளக்கு உடனே நிற்கும்.

சேலத்து வெயிலில் சுருதி சேர்த்த கிட்டார் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏற்காடு ஏறினால், குளிரில் எஃகுக் கம்பி சுருங்கி இழுபடும். விளக்கு வலப்பக்கம் தள்ளி நிற்கும். போனதும் கீயைத் திருகாதீர்கள். கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் அந்தக் குளிருக்குப் பழகவிட்டு, பிறகு சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். மேடை விளக்கின் சூட்டில் கம்பி மறுபடி தளரும், அதனால் இரண்டாவது பாட்டு முடிந்ததும் ஒருமுறை மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.